ஒரு கேம்ப்புக்கு மூன்று நாய்

ஜூன் 6, வெள்ளி

கருப்பு ஈக்கள் காதைத் தின்கின்றன. ஆனாலும் ஐந்தாவது கூடாரத்தையும் இன்று நிமிர்த்திவிட்டேன். உள்ளே கட்டில், கம்பளி, குட்டி இரும்பு அடுப்பு. கட்டிலுக்குப் பக்கத்தில் கட்டிலளவுக்கே ஒரு நாய் மெத்தை. இதற்குக் கிளாம்பிங் என்று பெயராம். விளம்பரம் எழுதிக் கொடுத்த பெண் சொன்னாள். எழுதிக்கொள்ளட்டும். அப்பா விட்டுப்போன இந்த மரவீடும் சௌனா என்கிற ஆவிக்குளியல் கொட்டகையும் ஏரிக்கரையும் பைன் காடும் எனக்கு என்றைக்கும் கேம்ப்தான்.

ஒரு கூடாரத்துக்கு ஒரு நாய். நாய் இல்லாதவர்களுக்கு இடமில்லை. மத்தியானம் டெட்ராய்ட்டிலிருந்து ஒருத்தி போனில் கேட்டாள், "நாங்க நாய் வளர்க்கலையே, வரலாமா?"

"வரலாம்மா. உங்களைத் தெரிஞ்ச நாய் ஏதாவது ரெண்டு நல்ல வார்த்தை சொல்லட்டும், பாக்கலாம்" என்றேன். வைத்துவிட்டாள்.

திமிர்தான். இருந்துவிட்டுப் போகட்டும். போன கோடையில் என் நாய் நாப்பியைக் கூட்டிக்கொண்டு மிச்சிகன் ஏரிக்கரையோரமாக ஊர் சுற்றப் போனேன். வழியெல்லாம் 'நாய்களை வரவேற்கிறோம்' என்று பலகை. போய் இறங்கினால் — இவ்வளவு கனமான நாய் கூடாது. கட்டிலில் ஏறக் கூடாது. மணலில் கால் வைக்கக் கூடாது. அறையில் தனியாக விடக் கூடாது, சாப்பிடுகிற இடத்துக்குக் கூட்டி வரவும் கூடாது. அப்புறம் என்ன இழவுக்கு வரவேற்பு? கடைசியில் நானும் அவளும் என் பழைய வேனில்தான் படுத்தோம். அவள் தன் ஒற்றைக் கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

ரெய்னோ வந்தான். மார்ச்சில் அவனுடைய நாய் முஸ்டி செத்ததிலிருந்து தம்பி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. இன்றைக்கு வந்ததும் தம்பியாக இல்லை, டவுன்ஷிப் தலைவராகத்தான் வந்தான். கூடாரங்களை விரலால் எண்ணினான்.

"எத்தனை நாய்க்கா?"

"அஞ்சு கூடாரம், அஞ்சு நாய். நாப்பியோட ஆறு."

"விதி தெரியும்ல? ஒரு கேம்ப்புக்கு மூணு."

"தெரியாம என்ன? எழுதினவனே நீதானே."

"அப்ப விதிவிலக்கு கேளு. ஆகஸ்ட் கூட்டத்துல வைக்கிறேன். அதுவரைக்கும் யாரும் புகார் குடுக்காம பாத்துக்கோ. இல்லேன்னா ஒண்ணு செய்யலாம். கேம்பைப் பிரிச்சுடலாம். சௌனா உனக்கு, கரை எனக்கு. என் பாதியை வித்துட்டு நான் பாட்டுக்கு இருக்கேன்."

"டேய், நீ தலைகீழா நின்னாலும் இந்த இடத்துல நடுக்கோடு விழாது" என்றேன். சௌனாவில் வெந்துவிட்டு ஓடிப்போய் ஏரியில் குதிக்க வேண்டும், அதற்குத்தான் இந்த இடம். இதை வெட்டினால் ஒருத்தருக்கு வேர்வையும் மற்றவருக்கு நடுக்கமும்தான் மிஞ்சும்.

நாப்பி போய் அவன் காலடியில் உட்கார்ந்தாள். அவன் கால்சட்டைப் பையிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

ஜூன் 21, சனி

நடுக்கோடைப் பண்டிகைக்குத் தீ மூட்டினோம். ஐந்து கூடாரமும் நிறைந்திருக்கிறது!

மினசோட்டாவிலிருந்து ஒரு நர்ஸ், வெர்னா. அவளுடைய நாய் கன்றுக்குட்டி மாதிரி இருக்கிறது, காது கேட்காது. கையை ஆட்டினால் வரும். மில்வாக்கியிலிருந்து வந்தவரிடம் மூன்று காலில் ஓடும் ஒரு வேட்டை நாய். காலையில் எல்லோரையும் காட்டு வழியாகப் பெரிய ஏரிக்குக் கூட்டிப் போனேன். சுப்பீரியர் ஏரி இன்னும் ஐஸ் தண்ணீர்தான், நாய்களுக்கு அதெல்லாம் கணக்கா? கயிற்றை அவிழ்த்ததும் மணலில் பறந்தன. மில்வாக்கிக்காரர் அழுதுவிட்டார். "இவளை அவிழ்த்துவிட ஒரு இடம் தேடித் தேடி அலுத்துப்போயிருந்தேங்க" என்றார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். நான் அழுதால் அசிங்கமாக இருக்கும்.

மாலையில் சௌனா. இளம் தம்பதி ஒன்று உள்ளே உட்கார்ந்துகொண்டு யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் வரவில்லை என்று ஆரம்பித்தார்கள். "வெளியே போங்க ரெண்டு பேரும்" என்றேன். "இங்க சண்டை கிடையாது, திட்டு கிடையாது, குரல் உயரக் கூடாது. சர்ச்சுல எப்படியோ அப்படி." இருபத்தைந்து வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் நான். இறக்கிவிடுவது கைவந்த கலை. அரைமணி கழித்துச் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள்.

ஜூன் 30, திங்கள்

வந்துவிட்டது புகார்.

பக்கத்து கேம்ப்பைப் போன வருஷம் வாங்கின கேரெட் வாண்டர்மோலன். மிச்சிகனின் மறுபாதியோடு எங்களை இணைக்கும் பெரிய பாலத்துக்குத் தெற்கே இருந்து வருகிறவர்களை நாங்கள் பாலத்தடிப் பூதம் என்போம். இது பூதத்திலும் மூத்த பூதம். விடிந்தால் புல்வெட்டும் வண்டியில் ஏறி உட்கார்ந்து காட்டையே சிரைக்கிறான்.

வேலிக்கே போனேன். வண்டியை நிறுத்தவில்லை, கத்திப் பேசினான்.

"எனக்கு நாய் மேல கோபமில்லீங்க! அமைதிக்காகத்தான் இங்க வந்தோம்!"

"என்னது? கேக்கல!"

"அமைதிக்காக!"

"ஆங்?"

வீட்டு ஜன்னலில் அவன் பெண்டாட்டி கரீன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதைப் பார்த்தேன். அந்தப் பெண் பரவாயில்லை போலிருக்கிறது.

ஜூலை 12, சனி

மழை. ஐந்து கூடாரத்திலும் ஈர நாய் வாடை. ஒருத்தரும் குறை சொல்லவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

டவுன்ஷிப் ஆபீஸ் லோர்னா நான் சுட்டு விற்கிற ஏலக்காய் ரொட்டி வாங்க வந்தாள். வாங்கிவிட்டுப் போகாமல் நின்றாள்.

"ஆவ்னே, வாரியத்துல ரெண்டு பேர் உன் பக்கம், ரெண்டு பேர் எதிர்ப் பக்கம். மிச்சம் இருக்கிறது உன் தம்பி."

"அவன் என் தம்பி. எனக்குத்தான் ஓட்டுப் போடுவான்."

"அந்த விதிக்கும் அவன்தானே அப்பன்" என்றாள்.

எனக்குத் தெரியாதா? நாலு வருஷத்துக்கு முன்னால் சதுப்பு நிலப் பக்கம் லெஸ்டர் பிக்கன் என்கிறவன் நாற்பது நாயைச் சங்கிலியில் கட்டிப் பட்டினி போட்டிருந்தான். அவனைத் தடுக்கச் சட்டமே இல்லை. ரெய்னோதான் ஒவ்வொன்றாகத் தூக்கி வந்தான். அப்புறம் உட்கார்ந்து அந்த விதியை எழுதினான். ஒரு கேம்ப்புக்கு மூன்று நாய். நல்ல விதிதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பிக்கனுக்கு மாட்டிய பூட்டை எனக்கும் மாட்டினால் எப்படி? என் நாய்களுக்கு மெத்தை போட்டிருக்கிறேனடா!

தோற்றால் நாப்பி போக இரண்டு கூடாரம்தான். இரண்டு கூடாரத்தை வைத்துக்கொண்டு கேம்ப்பை நிறுத்த முடியாது. இலையுதிர் காலத்தில் விற்க வேண்டியதுதான். வாண்டர்மோலனே வாங்குவான், வாங்கி இதையும் சிரைப்பான். என் உயிர் இருக்கும்வரை நடக்காது.

ஆகஸ்ட் 9, சனி

இன்றைக்கு நடந்ததை எழுதாவிட்டால் தூக்கம் வராது.

சாயங்காலம் வழக்கம்போல் சௌனா அடுப்பை மூட்டினேன். பிர்ச் விறகு கொஞ்சம் ஈரம், புகை கட்டிக்கொண்டு கிளம்பியது. வெயில் இன்னும் நன்றாக இருந்தது. கூடாரக்காரர்கள் துண்டும் கையுமாகக் காத்திருந்தார்கள். திடீரென்று ஊளைச் சத்தம். காட்டுப் பாதையில் தீயணைப்பு வண்டி! சைரன் கேட்டதும் ஆறு நாயும் கழுத்தை நீட்டிக்கொண்டு கூடவே பாடின. இந்த வாரம் வந்திருந்த, காது மந்தமான ஒரு கிழ நாய்கூட மற்றவற்றைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தது, சத்தியமாய்.

வண்டியிலிருந்து ரெய்னோ குதித்தான், தலைக்கவசம், கனத்த கோட்டு எல்லாம் போட்டுக்கொண்டு. பின்னால் ஊரின் தொண்டர் தீயணைப்புப் படை மொத்தமும்.

"எங்கக்கா தீ?"

"அடுப்புலடா."

கேரெட் வாண்டர்மோலன் போன் செய்திருக்கிறான். பக்கத்தில் மரக்கொட்டகை எரிகிறது, உடனே வாருங்கள் என்று! ஒரு கோடை முழுக்க இங்கே இருந்தும் சனிக்கிழமைப் புகை என்னவென்று தெரியவில்லை. வந்தவர்கள் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தார்கள். ஒவ்வொருத்தன் வீட்டிலும் அந்த நேரத்தில் சௌனா அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, அதை விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார்கள். அப்புறம் சிரித்தார்கள் பாருங்கள்! ஒருத்தன் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே விட்டான்.

மூட்டின சௌனா. வந்து நிற்கிற ஆள். "உள்ள வாங்கடா" என்று சொல்லாமல் இருக்க முடியுமா? கோட்டெல்லாம் வேலியில் தொங்கியது.

வேலிக்கு அந்தப் பக்கம் வாண்டர்மோலன் நின்றான். மூஞ்சியில் ஈயாடவில்லை. நன்றாகக் கேட்டுவிடலாம் என்று நாக்கு துறுதுறுத்தது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரனைச் சௌனாவுக்குக் கூப்பிடாமல் விட்டால் நான் என்ன மனுஷி? "நீங்களும் வாங்க. துண்டு இருக்கு" என்றேன். வந்தான். வீரம் காட்ட நேரே சூடு அதிகமுள்ள மேல் பலகையில் ஏறி உட்கார்ந்தான். யாரோ ஒரு கரண்டி தண்ணீரை அடுப்பு மேலிருந்த சுடுகல்லில் ஊற்றினார்கள். அடுத்த நிமிஷம் கதவு தெறித்தது, மனிதன் சிவந்துபோய் ஏரியை நோக்கி ஓடினான், நாப்பி பின்னாலேயே ஓடிக் குதித்தாள். தண்ணீரில் இரண்டு பேரும் வட்டமடித்தார்கள். அவன் சிரித்ததை இன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கிறேன்.

கடைசி ஆவி எப்போதும் எனக்கும் ரெய்னோவுக்கும். சின்ன வயசிலிருந்து அப்படித்தான். எல்லோரும் வெளியே போன பிறகு, துண்டைச் சுற்றிக்கொண்டு, அவன் மேலே, நான் அடுப்புக்குப் பக்கத்தில். எத்தனை நாளாயிற்று என்று மனசுக்கு இதமாக இருந்தது. அப்போது சொன்னான்.

"அக்கா. செவ்வாக்கிழமை நான் எதிர்த்துத்தான் ஓட்டுப் போடப்போறேன்."

நான் வாயைத் திறந்தேன்.

"இங்க சண்டை கூடாது" என்றான்.

பாவி! அதற்காகவே அங்கே வைத்துச் சொல்கிறான். வெளியே சொல்லியிருந்தால் ஏரிக்கு அக்கரைவரை கேட்டிருக்கும் என் சத்தம். அவனுக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"உனக்காக விதியை வளைச்சா நாளைக்கு இன்னொரு பிக்கன் வந்து அதே சந்துல நுழைவான். என் அக்காவுக்கு ஒரு விதி, ஊருக்கு ஒரு விதின்னு என்னால நிக்க முடியாது. நாப்பியை எங்கேருந்து தூக்கிட்டு வந்தேன்னு மறந்துட்டியா? அந்த விதி அப்பவே இருந்திருந்தா அவளுக்கு ரெண்டு கண்ணும் இருந்திருக்கும்."

மறப்பேனா? அவன் கோட்டுக்குள் சுருட்டிக் கொண்டுவந்து என் மடியில் போட்டான், கண்ணிலிருந்து சீழ் வடிய. என்னிடம் ஆயிரம் பதில் இருந்தது. கரண்டியை எடுத்தேன். கல்லில் தண்ணீர் ஊற்றினேன். இன்னொரு கரண்டி. இன்னொன்று. ஆவி சீறியது. அவன் மூச்சை இழுத்துப் பிடித்தான். நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன். விதியில் தண்ணீர் ஊற்றக் கூடாதென்று இல்லையே! மேல் பலகையிலிருந்து கீழ்ப் பலகைக்கு இறங்கினான். அப்புறம் தரைக்கு. அப்புறம் வெளியே.

ஒரு வார்த்தை பேசவில்லை நான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பேசியிருக்கலாம். வெளியே இழுத்துக்கொண்டு போய்ப் பேசியிருக்கலாம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தோற்றேன்.

கூட்டத்தில் முதலில் எழுந்தது வாண்டர்மோலன். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "என் புகாரை நான் திரும்ப வாங்கிக்கறேன்" என்றான். "சத்தம் இருக்கத்தான் செய்யுது. பழகிட்டேன். என் மனைவி தினமும் வேலிகிட்ட போய் அதுகளைக் கூப்பிட்டுக் கொஞ்சறா." கூடத்தில் கைதட்டல். கரீன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

ரெய்னோ மேசையைத் தட்டினான். "புகார் போயிடுச்சு. விதி போகலையே. மூணுன்னா மூணு. நான் எதிர்க்கிறேன்." குரல் நடுங்கவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை.

குறை சொன்ன பூதமே திரும்ப வாங்கிக்கொண்டது, என் கூடப்பிறந்தவன் வாங்கவில்லை. வெளியே வந்து, அது சௌனா இல்லையே, வாகனம் நிறுத்துமிடம்தானே, வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். "முஸ்டி போனதுலேருந்து உனக்கு நாய்ச் சத்தமே ஆகலை, அதை மறைக்க விதியைத் தூக்கிப் பிடிக்கிறே" என்றும் சொல்லிவிட்டேன். அதற்கு மட்டும் அவன் முகம் மாறியது. வண்டியில் ஏறிப் போய்விட்டான்.

சொன்னது சொன்னதுதான்.

ஆகஸ்ட் 13, புதன்

லோர்னா போன். வெள்ளிக்கிழமை வருகிறவர்களுக்கு வர வேண்டாமென்று சொல்லிவிடு என்கிறாள், அபராதம் போடுவார்களாம்.

சொல்ல மாட்டேன். ஐந்து பேரும் வரட்டும். ஐந்து நாயும் வரட்டும். பிடித்துக்கொண்டு போகிறவன் என்னையும் நாப்பியையும் சேர்த்தே வண்டியில் ஏற்றிக்கொண்டு போகட்டும். எந்த நாயை அனுப்புவேன் நான்? காது கேட்காததையா, கால் இல்லாததையா? வெர்னாவும் மில்வாக்கிக்காரரும் இரண்டாம் தடவையாக வருகிறார்கள், ஊரிலிருந்து கிளம்பியாயிற்று. ஒரு கை பார்த்துவிடுகிறேன்.

மெத்தைகளை வெயிலில் போட்டேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

காலையில் ரெய்னோவின் வண்டி வந்தது. பின்னால் மரமுளைகள், பெரிய சம்மட்டி. கூடாரத்தைப் பிடுங்க வந்திருக்கிறான் என்று நினைத்தேன். முதல் கூடாரத்தின் வாசலில் போய்க் குறுக்கே நின்றேன். நாப்பி என் காலோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"இதுல கை வெச்சே, பாத்துக்கோ. உன் கையை உடைச்சுடுவேன்" என்றேன். "அம்மா இருந்தா உன்னை இந்த ஏரியிலேயே முக்கியிருப்பா."

அவன் என்னைத் தாண்டிப் போனான். கரையில் ஒரு முளையை நட்டுச் சம்மட்டியால் அடித்தான். பதினைந்து இருபது அடி நடந்து இன்னொன்று. கூடாரங்களுக்கு நடுவே இன்னொன்று. நேராகச் சௌனாவை நோக்கிப் போனான்.

"டேய், என்னடா செய்யறே?"

"கேம்பைப் பிரிக்கிறேன்."

முளையை எட்டிப் பிடித்தேன். "உன் பாதியை விக்கப்போறியா?"

"எதுக்கு விக்கணும்?" சம்மட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான், வேர்த்துக் கொட்டியது. "ஒரு கேம்ப்புக்கு மூணு நாய். இது ஒரு கேம்ப். ரெண்டாக்கினா?"

எனக்கு உடனே ஏறவில்லை. முட்டாள் மாதிரி நின்றேன்.

"ஆறு" என்றான். "சௌனாவுலயே இது தோணிச்சு. நீ எங்க பேசவிட்டே? ஊத்திக்கிட்டே இருந்தே."

"செவ்வாக்கிழமை வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தே?"

"கூட்டத்துல எனக்கு ஓட்டு மட்டும்தான். இது வேற. இதுக்கு வாரியம் வேண்டாம், நம்ம ரெண்டு பேர் கையெழுத்தும் லோர்னா முத்திரையும் போதும். நேத்து கேட்டுட்டேன்."

"லோர்னா ஆபீஸ் இன்னிக்கு லீவு, இனி திங்கக்கிழமைதானே திறக்கும்? நாய்ங்க மத்தியானம் வருதே!"

"வண்டியில உக்காந்திருக்கா."

பார்த்தேன். உட்கார்ந்திருந்தாள், மடியில் கைப்பையும் முத்திரையும் வைத்துக்கொண்டு. கையை ஆட்டினாள்.

ஜூன் மாதம் நான் என்ன சொன்னேன்? நடுக்கோடு விழாது என்றேன். அந்தக் கோடு இப்போது எங்கே போகிறதென்று பார்க்கப் போனேன். கடைசி முளை சௌனா வாசற்படியின் நட்ட நடுவில். அந்தப் பக்கம் பின்சுவரிலும் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு. அடுப்பு என் பாதியில். மேல் பலகை அவன் பாதியில்.

"கரையும் இதே மாதிரிதான்" என்றான். "ரெண்டு பேருக்கும் வேர்வை, ரெண்டு பேருக்கும் நடுக்கம்."

வண்டி மூக்கின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். லோர்னா குத்தினாள். நாப்பி கோட்டைத் தாண்டி அவன் பாதிக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள். "இங்க ஏற்கெனவே மூணு வரப்போகுது, நீ அந்தப் பக்கம் போ" என்று அவளிடம் தீவிரமாகச் சொன்னான். அவள் எழுந்திருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை நான் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று தோன்றியது. உள்ளே போய்க் கறி அடைத்த பாஸ்டி ரொட்டி ஒன்றைச் சூடு பண்ணிக் கொண்டுவந்து கொடுத்தேன். தின்றான்.

மத்தியானம் ஆறு நாய். சட்டப்படி!

செப்டம்பர் 1, திங்கள்

கடைசிக் கூட்டம் கிளம்பியது. வெர்னா அடுத்த கோடைக்கு இப்போதே சொல்லி வைத்துவிட்டாள். கரீன் வேலியோரம் நின்று ஒவ்வொரு நாய்க்கும் பெயர் சொல்லிக் கையாட்டினாள். வாண்டர்மோலன் ஒரு சௌனா கட்டுகிறானாம். புகைபோக்கியை என்னிடம் கேட்காமல் வைக்க வேண்டாமென்று சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 11, சனி

முதல் பனி விழுந்தது, தரையில் நிற்கவில்லை. கூடாரங்களை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தேன். ரெய்னோ உதவிக்கு வந்தான். வண்டிக் கதவைத் திறந்ததும் அவனுக்கு முன்னால் ஒன்று குதித்தது. பழுப்பும் வெள்ளையும், எலும்பும் தோலும், ஒரு காது பாதிதான் இருக்கிறது. காப்பகத்தில் யாரும் சீந்தாமல் கிடந்ததாம்.

"பேரு என்னடா?"

"இன்னும் வைக்கலை. 'ஏய்'னா வருது."

நாப்பி மோந்து பார்த்தாள். அப்புறம் இரண்டும் கோட்டை மிதித்துக்கொண்டு கரைக்கு ஓடின. அவன் பையிலிருந்து முஸ்டியின் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து, துடைத்து, சௌனா வாசலில் அவன் பாதியில் வைத்தான்.

ஆவியெல்லாம் முடிந்து ஏரியிலிருந்து ஏறி வரும்போதுதான் எனக்கு உறைத்தது. "டேய். உன் பாதியில இப்ப ஒண்ணு ஆயிடுச்சே. அடுத்த கோடைக்கு அந்தப் பக்கம் ரெண்டு கூடாரம்தானே போட முடியும்?"

அவன் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தான். "விதி விதிதான். வேணும்னா இவனைத் திருப்பி…"

"வாயை மூடு" என்றேன், சௌனா வாசலிலேயே நின்றுகொண்டு.

பாதையோரத்துப் பலகையை எடுத்துவந்து இப்போது மேசைமேல் வைத்திருக்கிறேன். ஐந்து கூடாரங்கள் என்பதை அழித்து நான்கு என்று எழுதியாயிற்று. வர்ணம் காயட்டும்.